இஸ்தோப்பிலிருந்து வரைந்தவை: என் ஸ்கெட்ச் கொப்பிகளைப் பார்த்தவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இலங்கை மலையகத்தில் தலவாக்கலை, ஹட்டன், பண்டாரவளை என்று எந்த ஊரில் என் ஸ்கெட்ச் கொப்பிகளை மேசையில் விரித்து வைத்தாலும் பத்து நிமிடத்துக்குள் அதே கேள்விகள் வந்துவிடும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கேட்பது, அவர்களைக் கூட்டிவரும் டீச்சர்மார் கேட்பது, கொழும்பிலிருந்து வந்தவர்கள் கேட்பது, தேயிலைத் தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்து "இதையெல்லாமா வரைவாங்க" என்று ஆச்சரியப்படுகிறவர்கள் கேட்பது, எல்லாவற்றையும் கேட்ட மாதிரியே எழுதி பதிலும் போட்டிருக்கிறேன். லேசானவை முதலில், என்னை யோசிக்க வைத்தவை கடைசியில்.

அக்கா, நீங்க யாரு? இதுதான் உங்க தொழிலா?

ஆமாம், தொழிலே இதுதான். சிறுவர் புத்தகங்களுக்கும் சஞ்சிகைகளுக்கும் படம் வரைந்து கொடுக்கிறேன். பிறந்தது தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்தில். அம்மாயியும் (அம்மாவின் அம்மா) அம்மாவும் கொழுந்து பறித்தவர்கள், அப்பா ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், வேலை செய்தவர். இந்தக் கொப்பிகளில் இருப்பவை மட்டும் யாரும் கேட்டு வரைந்தவை இல்லை. ஒரு பக்கத்தில் படம், எதிர்ப்பக்கத்தில் அது எங்கிருந்து வந்தது என்று நாலு வரி, எல்லாக் கொப்பியும் இப்படித்தான் இருக்கும்.

இஸ்தோப்புன்னா என்ன?

தோட்டத்து ஆட்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை, வெளியூர்க்காரருக்காகச் சொல்கிறேன். வரிசையாக ஒட்டிக் கட்டிய தோட்டத்து வீடுகள்தான் லயம், அதில் ஒவ்வொரு காம்பராவுக்கும் (அறைக்கும்) முன்னால் ஒடுக்கமாக ஒரு திண்ணைப் பகுதி இருக்கும், அதுதான். 10 அடிக்கு 12 அடி காம்பராவில் ஒரு குடும்பமே இருக்கும்போது மிச்ச வாழ்க்கை எல்லாம் இஸ்தோப்பில்தான் நடக்கும். விறகு அடுக்குவது, பிள்ளைக்குத் தலை சீவுவது, வந்தவர்களை உட்கார வைப்பது, நான் வீட்டுப்பாடம் எழுதியது, எல்லாம் அங்கேதான். முதல் படம் வரைந்ததும் அங்கே உட்கார்ந்துதான், அங்கிருந்து பார்த்தால் என்ன தெரிந்ததோ அதைத்தான்.

எந்தக் கொப்பி, எந்தப் பேனா பாவிக்கிறீங்க? விலை கூடின சாமான் வேணுமா?

வேண்டியதில்லை. முதல் ஏழெட்டு வருடம் சாதாரண சீஆர் கொப்பியும் கடையில் கிடைக்கிற நீலப் பேனாவும்தான். கோடு போட்ட தாளில் வரைந்தால் படம் கெட்டுவிடும் என்று பயப்பட வேண்டாம், என் பழைய கொப்பிகளில் எனக்குப் பிடித்த படங்கள் சில அந்தக் கோடுகளுக்கு மேல்தான் இருக்கின்றன.

தண்ணீர் நிறம் தீட்டத் தொடங்கினால்தான் தாள் முக்கியம். மெல்லிய தாள் ஈரம் பட்டதும் அப்பளம் மாதிரி நெளியும், அதனால் சதுர மீட்டருக்கு 200 கிராமுக்குக் குறையாத கனத்தாளை வாங்கி நானே தைத்துக் கட்டிக்கொள்கிறேன். பேனாவுக்குத் தண்ணீரில் கரையாத கறுப்பு மை. அழிறப்பர் கொண்டுபோவதில்லை, பிழைத்த கோட்டுக்குப் பக்கத்திலேயே சரியான கோட்டைப் போட்டால் அடுத்த முறை எங்கே கை பிழைக்கிறது என்று தெரியும்.

தேத்தண்ணியால நிறம் தீட்டுறீங்களாமே, உண்மையா?

உண்மைதான். செய்முறையில் ரகசியம் ஒன்றும் இல்லை. அரைக் கோப்பைத் தண்ணீரில் மூன்று கரண்டி டஸ்ட் தேயிலைத் தூள் போட்டு, பாதியாக வற்றும் வரை காய்ச்சி, துணியில் இரண்டு தடவை வடிகட்ட வேண்டும். தூரிகையால் ஒரு தடவை தீட்டினால் பழைய கடதாசி நிறம் வரும், காயவிட்டு மேலே மேலே ஐந்தாறு தடவை தீட்டினால் மழையில் நனைந்த மண் நிறத்துக்கு வந்துவிடும். துருப்பிடித்த ஆணிகளை வினாகிரியில் நாலு நாள் ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரில் ரெண்டு சொட்டைச் சாயத்தில் விட்டுப் பாருங்கள், கண் முன்னாலேயே அது கறுத்துப் போகும். தேயிலையில் இருக்கும் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு வரும், அந்தக் காலத்து எழுத்து மையும் இதே வழியில் செய்ததுதான், அவர்கள் தேயிலைக்குப் பதில் கருவாலி மரத்தில் உண்டாகும் மாசிக்காயைப் போட்டார்கள்.

ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். தேத்தண்ணி நிறம் வெளிச்சத்தில் வெளிறும், இரும்பு கலந்தது காலப்போக்கில் தாளையே அரிக்கும். அதனால் தீட்டிய உடனே ஸ்கேன் பண்ணி வைத்துவிட்டு மூலப் படத்தைக் கொப்பிக்குள் மூடியே வைக்கிறேன். அவ்வளவு கஷ்டப்பட்டு ஏன் என்று கேட்டால், அப்பா வேலை முடிந்து வந்து சட்டையைக் கழற்றும்போது வரும் ஸ்டோர் வாசம் அந்தச் சாயத்தைக் காய்ச்சும்போது அறை முழுக்க வரும். அந்த வாசத்தோடு வரையும்போது எனக்கு வீடு ஞாபகத்துக்கு வரும் விதமே வேறு.

மழையிலயும் மூட்டத்திலயும் எப்படி வெளியே உட்கார்ந்து வரையுறது? எங்க ஊர்ல தாளே காயாதே?

காயாது, உண்மைதான். ஆடி மாதம் தலவாக்கலையில் காலையில் தீட்டிய நிறம் மத்தியானமும் ஈரமாகவே இருக்கும். மழைக் காலத்தில் வெளியே பேனா வேலை மட்டும் செய்வேன், நிறங்களின் பெயரை ஓரத்தில் எழுதிக்கொண்டு வந்து அடுப்பங்கரையில் தீட்டுவேன். கொப்பிகளை மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்களோடு வைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரே மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடித்துவிடும். எனக்கு ஒரு கொப்பி முழுக்க அப்படிப் போயிருக்கிறது.

ஆனால் மூட்டத்தைக் குறை சொல்லமாட்டேன், தூரத்தை வரைய எனக்குக் கற்றுக்கொடுத்ததே அதுதான். முன்னால் இருக்கும் தேயிலைச் செடி கருமையாக, ஒவ்வொரு இலையும் தெரியும்படி இருக்கும், அதற்கு அடுத்த மலை கொஞ்சம் வெளிறி, அதற்கும் பின்னால் உள்ளது நீலச் சாம்பலாக, கடைசி மலை இருக்கிறதா இல்லையா என்றே தெரியாமல் நிற்கும். தூரம் போகப் போகத் தண்ணீரைக் கூட்டிச் சாயத்தைக் குறையுங்கள், அவ்வளவுதான்.

கொழுந்து பறிக்கிறவங்க ஒரு இடத்துல நிக்கவே மாட்டாங்களே, எப்படி வரைஞ்சீங்க?

ஆரம்பத்தில் எனக்கும் வரவில்லை. ஒருவரை வரையத் தொடங்குவேன், முகத்தை முடிப்பதற்குள் அவர் நிரையில் பத்தடி மேலே போயிருப்பார். பிறகு ஆளை விட்டுவிட்டு அசைவைப் பார்க்கத் தொடங்கினேன். இரண்டு கையும் செடிக்கு மேலே ஓடும், பெருவிரலும் ஆட்காட்டி விரலும் ஒடிக்கும், ஒடித்தது உள்ளங்கைக்குள் சேரும், கை நிறைந்ததும் தோளுக்கு மேலால் பின்பக்கம் கூடைக்குள் ஒரு வீச்சு. கொஞ்ச நேரத்தில் அதே வீச்சு திரும்பவும் வரும். அப்படியானால் அவசரம் எதற்கு? பத்து நிமிடம் வீச்சை மட்டும் வரைவேன், அடுத்த பத்து நிமிடம் கழுத்தை மட்டும்.

கழுத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கூடையின் கயிறு தலையில் மடித்துப் போட்ட துணிக்கு மேலாகத்தான் வரும், இப்போது பல தோட்டங்களில் கூடைக்குப் பதில் சாக்கு, ஆனாலும் பாரம் இருப்பது அதே தலையில்தான். காலையில் நிமிர்ந்திருந்த கழுத்து கொழுந்து நிறுக்கப் போகும் நேரம் முன்னுக்கு வந்திருக்கும். ஒரே பெண்ணின் பக்கவாட்டுக் கோட்டை ஒரே நாளில் மூன்று தடவை வரைந்த பக்கம் ஒன்று ஐந்தாம் கொப்பியில் இருக்கிறது, தயவு செய்து அதில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். ஒரு நாளைக்கு 18 கிலோ பறிக்க வேண்டும் என்று பேப்பரில் வாசிக்கிறோமே, அந்தக் கணக்கு கழுத்தில் எப்படி இருக்கிறது என்று அங்கே தெரியும்.

அந்தக் கை படம் யாரோட கை? ஏன் அழுக்கா வரைஞ்சிருக்கீங்க?

அம்மாயியின் வலது கை. அது அழுக்கு இல்லை, கொழுந்துக் கறை. நாற்பது வருடத்துக்கு மேல் பறித்த கை, பெருவிரல் நகத்தின் ஓரம் தேய்ந்து சரிந்திருக்கும், ஆட்காட்டி விரலின் உள்பக்கத் தோல் குறுக்கே குறுக்கே வெடித்து, வெடிப்புக்குள் கறுப்பு ஏறியிருக்கும். தேசிக்காய் போட்டும் தேங்காய்த் தும்பு போட்டும் தேய்ப்பார், போகாது. வேலையை விட்டு பதினொரு வருடம் கழித்தும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. என் சின்ன வயதில் பள்ளிக்கூட விழாவுக்கு வரும்போது கையை முந்தானைக்குள் வைத்துக்கொள்வார், அப்போது எனக்கு ஏன் என்று விளங்கவில்லை.

பதினான்கு தடவை வரைந்த பிறகுதான் அந்தக் கை சரியாக வந்தது. பேனாக் கோடு அந்த வெடிப்புகளுக்கு அளவுக்கு மிஞ்சி நேராக இருந்தது. கடைசியில் மேலே சொன்ன ஆணித் தண்ணீர் கலந்த சாயத்தை ஈர்க்குச்சி நுனியால் தொட்டு வெடிப்புகளில் மட்டும் விட்டேன். தேயிலையும் இரும்பும் சேர்ந்து கறுத்த கறைதான் அதுவும், அவர் கையில் இருந்ததும் கிட்டத்தட்ட அதே நிறம்.

உங்க படத்துல ஏன் யாரும் சிரிக்கிறதில்ல? தேயிலைப் பக்கெட்டுல எவ்வளவு அழகா இருக்கும்?

சிரிக்கிறார்கள், கொழுந்து நிறுக்கும் மடுவப் படங்களையும் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரைப் படங்களையும் பாருங்கள், வாய் நிறையச் சிரிப்பு. பறிக்கும்போது சிரிக்கும் படம்தான் என்னிடம் இல்லை, ஏனென்றால் நான் அப்படிப் பார்த்ததில்லை. கண்ணும் கையும் வேலையில் இருக்கும், அட்டை கடிக்கிறதா என்று கால் பார்த்துக்கொண்டிருக்கும்.

ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை நட்டது 1867 இல். தாமஸ் லிப்டன் 1890 இல் வந்து தோட்டங்கள் வாங்கினார். அந்தக் காலத்திலிருந்தே நம் பெண்கள் தேயிலை விளம்பரங்களில் இருக்கிறார்கள், ரெண்டு இலையும் ஒரு மொட்டும் விரல் நுனியில், நகை போட்டு, நேராக நம்மைப் பார்த்து. அந்தப் படம் ரோட்டிலிருந்து மலையைப் பார்க்கிறவர்களின் படம், வாங்குகிறவர்களுக்காக எடுத்தது. நான் இஸ்தோப்பில் உட்கார்ந்து பார்த்தவள். எனக்கு அவர்களின் முதுகுதான் முதலில் தெரியும், காலை இருட்டில், வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக்களத்துக்கு இறங்கிப்போகும் முதுகு. பிறகு பின்னேரம் இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கை உதறிக்கொண்டு ஏறி வரும் முகம். என் கொப்பிகளில் முதுகு அதிகமாக இருப்பதற்குக் காரணம் அதுதான்.

ரயில்ல வரைஞ்சதுன்னு போட்டிருக்கீங்க, கை ஆடாதா?

ஆடும். ஆடிய கோட்டை அப்படியே விட்டுவிடுவேன். நானுஓயாவில் ஏறினால் பட்டிப்பொல வரைக்கும் ஏற்றம், இலங்கை ரயில் பாதையில் அதுதான் உயரமான ஸ்டேஷன், கிட்டத்தட்ட 1,898 மீட்டர். அதைத் தாண்டி சுரங்கத்துக்குள் போய் ஒஹிய பக்கம் வெளியே வந்தால், கச்சான் காற்றுக் காலத்தில், பின்னால் விட்டு வந்த மழை அந்தப் பக்கம் இருக்காது. தென்மேற்கு மழையை மலை மறித்துவிடும். ஒரே பயணத்தில் முதல் நாலு பக்கம் சாம்பல் நிறம், அடுத்த நாலு பக்கம் ஊவாவின் காய்ந்த புல் நிறம் என்று கொப்பியே இரண்டாகப் பிரிந்திருக்கும். தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்தை ஏன் வரையவில்லை என்று கேட்கிறார்கள். அதை வரைய நிறையப் பேர் இருக்கிறார்கள், எனக்கு இதல்கஸ்ஹின்னவில் ரயில் நிற்கும் இரண்டு நிமிடம் போதும்.

காமன் கூத்துப் பக்கங்கள் மட்டும் ஏன் கரிக்கட்டையால?

ராத்திரியில் நடக்கிற கூத்து, அதனால்தான். மாசி மாதம் கம்பம் நட்டு, மதனும் ரதியும் வேஷம் கட்டி ஆடி, கடைசியில் சிவனின் கோபத்தில் காமன் எரியும் வரைக்கும் விடிய விடிய நடக்கும். அந்த வெளிச்சத்தில் பேனாவால் கோடு போட்டால் பகல் மாதிரி ஆகிவிடுகிறது. அடுப்புக் கரியால் தாள் முழுவதையும் கறுப்பாக்கி, விரலாலும் பாண் துண்டாலும் வெளிச்சத்தை மட்டும் துடைத்து எடுத்தேன். தப்பு மேளக்காரர்கள் வைக்கோலை எரித்துத் தப்பைச் சூடு காட்டும் படத்தைத்தான் நிறையப் பேர் கேட்டு வாங்குகிறார்கள், தோல் இறுகினால்தான் சத்தம் திறக்கும், அந்த ஒரு நிமிடம் எல்லார் முகத்திலும் நெருப்பு வெளிச்சம்.

தண்ணிக்குள்ள கோயில் நிக்கிற படம் கற்பனையா?

கற்பனை இல்லை, மவுசாக்கலை நீர்த்தேக்கம். அணை கட்டியபோது பழைய மஸ்கெலியா ஊரே தண்ணீருக்குள் போனது. வறட்சியில் தண்ணீர் இறங்கும்போது பழைய கோயிலின் சுவர்கள் வெளியே தெரியும், அப்போது போய் வரைந்தது. கொப்பியில் தண்ணீர் சம்பந்தப்பட்ட இன்னொரு பக்கமும் இருக்கிறது, 2009 இல் நான் வரைந்த சென்கிளேயர் அருவி. மேல் கொத்மலை மின் திட்டம் 2012 இல் இயங்கத் தொடங்கிய பிறகு அந்த அருவியில் பழைய தண்ணீர் இல்லை. வரையும்போது அதை ஒரு ஆவணமாக நினைத்து வரையவில்லை, பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரம் வரைந்தது.

ஆட்களைக் கேட்காம வரையலாமா?

தூரத்தில் முகம் தெரியாமல் என்றால் வரைகிறேன். முகம் தெரிந்தால் கேட்டுவிட்டுத்தான், வரைந்து முடித்ததும் அவரிடம் காட்டிவிட்டுத்தான். வேண்டாம் என்றால் அந்தப் பக்கத்தை ஒட்டி மூடிவிடுவேன், மூன்று பக்கங்கள் அப்படி இருக்கின்றன, தயவு செய்து பிரித்துப் பார்க்க வேண்டாம். தோட்டத்துக்குள் நெடுநேரம் உட்காருவதானால் தோட்டத்தை நடத்தும் துரையிடமோ கணக்கப்பிள்ளையிடமோ சொல்லிவிடுங்கள், உங்களால் வேலை செய்கிறவர்களுக்குப் பேச்சு விழக்கூடாது.

உங்க படத்தை எங்க கடைக்கு, டி-சேர்ட்டுக்கு எடுத்துப் போடலாமா?

கேட்டால் பெரும்பாலும் சம்மதிப்பேன். பள்ளிக்கூடத்துக்கு என்றால் காசும் வேண்டாம். கேட்காமல் எடுத்தால் மனம் கஷ்டப்படும். ஒரு விடுதி என் கொழுந்துக்காரிப் படம் ஒன்றை மெனு அட்டையில் போட்டது, கையெழுத்து இருந்த மூலையை வெட்டிவிட்டு. 2003 இன் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி வரைந்த நிமிடத்திலிருந்தே படத்தின் உரிமை வரைந்தவருக்குத்தான், எங்கேயும் பதிவு செய்யத் தேவையில்லை, அவர் இறந்து 70 வருடம் வரைக்கும் அது இருக்கும். இளம் பிள்ளைகள் இதைத் தெரிந்து வைத்திருங்கள். நான் கடிதம் எழுதினேன், அட்டையை மாற்றினார்கள். எனக்கு வலித்தது உரிமை மட்டும் இல்லை, அந்தப் படத்தில் இருந்தவரிடம் நான் அனுமதி கேட்டபோது "கொப்பியிலதானே" என்று கேட்டுவிட்டுத்தான் அவர் சம்மதித்தார்.

மகள் நல்லா வரையுறா. இதைப் படிக்க வைக்கலாமா, சோறு போடுமா?

படிக்க வைக்கலாம். உயர்தர வகுப்பில் சித்திரம் ஒரு பாடம். மட்டக்களப்பில் சுவாமி விபுலானந்தா அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் தமிழிலேயே தொடரலாம், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் நுண்கலை இருக்கிறது. சோறு போடும், ஆனால் மெதுவாக. எனக்கு முதல் ஆறு வருடம் பக்கத்தில் டியூஷன் வகுப்பும் இருந்தது.

லயத்தை எதுக்குத் திரும்பத் திரும்ப வரையுறீங்க? அதை இடிச்சு வீடு கட்டித் தரச் சொல்லித்தானே கேட்கிறோம்?

நானும் அதைத்தான் கேட்கிறேன். காணியும் தனி வீடும் வேண்டும், ஒரு லயம்கூட மிச்சம் இருக்கக்கூடாது. 2014 அக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியபோது, என்னிடம் நாங்கள் இருந்த லயத்தின் ஒரு படம்கூட இல்லை என்பது அன்றுதான் உறைத்தது. மலையையும் செடியையும் வரைந்தவள் எங்கள் காம்பராவை வரையவில்லை, வெட்கத்தில் வரையவில்லை.

அடுத்த வாரமே தொடங்கினேன். தகரத்தில் கல் வைத்த இடம், இஸ்தோப்பில் தண்ணீர் சொட்டும் பானை, பக்கத்துக் காம்பரா அத்தை சுவரில் தட்டிக் கூப்பிடும் இடத்தில் சுண்ணாம்பு தேய்ந்த அடையாளம். இடித்த பிறகு பேரப்பிள்ளைகள் எப்படி இருந்தது என்று கேட்டால் காட்டுவதற்கு ஒன்று வேண்டும்.

வறுமையைக் காட்டிப் பேர் எடுக்கிறீங்கன்னு சிலர் சொல்றாங்களே?

என் முன்னாலேயே ஒருவர் சொன்னார். மேலே பக்கெட் படத்தைப் பற்றியும் லயத்தைப் பற்றியும் சொன்னதுதான் பாதிப் பதில். மீதி இது: சொட்டும் பானையை வரைந்த பக்கத்தில் அதற்குப் பக்கத்திலேயே அம்மா மருக்கொழுந்தும் ரோசாவும் வளர்த்த பால்மா டின்கள் வரிசையாக இருக்கின்றன. இரண்டையும் ஒரே கையால்தான் வரைந்தேன், இரண்டும் ஒரே இஸ்தோப்பில்தான் இருந்தன. பானையை மட்டும் வெட்டி எடுத்துக் காட்டுங்கள் என்று கேட்டவர்களுக்கு நான் கொடுத்ததில்லை.

உங்க வீட்டு ஆட்கள் படங்களைப் பார்த்தாங்களா? என்ன சொன்னாங்க?

அப்பா ஒவ்வொரு பக்கமாகப் பார்த்துவிட்டு தேதி போடச் சொன்னார், அன்றிலிருந்துதான் தேதி போடுகிறேன். அம்மாயிக்கு அப்போது கண் மங்கியிருந்தது, இஸ்தோப்பு வெளிச்சத்துக்குக் கொப்பியைக் கொண்டுபோய் மூக்குக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். தன் கை படத்தை ஒன்றும் சொல்லாமல் திருப்பினார். அடுத்த பக்கம் கொழுந்து மலை, அதில் வெகுநேரம் நின்றார். "செடி ஒண்ணு மேல ஒண்ணு கீழ நிக்குது. மட்டக்கம்பு எங்க? கம்பு வச்சுப் பறிச்சா மலை இப்படியா இருக்கும்?" என்று கேட்டார். செடியின் மட்டம் பார்க்கக் குறுக்கே போடும் அந்தக் குச்சியை இத்தனை வருடத்தில் நான் ஒரு தடவைகூட வரையவில்லை. அடுத்த நாள் காலை அவர் பக்கத்தில் உட்கார்ந்து அந்த மலையை முதலிலிருந்து வரைந்தேன், கம்பு எங்கே கிடக்க வேண்டும் என்று அவரே விரலால் காட்டினார்.